இரண்டாம் சாட்சி: சிசுக்களின் கிருமித்தொற்றும் குருதிச் சோதனைகளின் வரலாறும்

கடந்த நோன்பின் கடைசிப் பத்தில் என் ராத்தாவின் மகளுக்குப் பிள்ளை கிடைத்தது. சுகப்பிரசவம். காதில் பாங்கு சொல்லி, நாவில் இனிப்புத் தொட்டு வைத்து, இரண்டாம் நாளே வீட்டுக்கும் வந்துவிட்டார்கள். நான்காம் நாள் காலையில் பிள்ளை பால் குடிக்கவில்லை. காய்ச்சல் இல்லை. அழுகையும் இல்லை. "அது சும்மா தூங்குது, எழும்பினாக் குடிக்கும்" என்று மூத்தம்மா சொன்னா. வீடு பார்க்க வந்த மிட்வைஃப் மிஸ் மட்டும் பிள்ளையின் பாதத்தைக் கையால் பிடித்துப் பார்த்துவிட்டு, "கால் குளிர்ந்திருக்கு. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றா.

பின்னேரம் ராத்தா கோல் எடுத்தா.

"தம்பி, இரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. சீ.ஆர்.பி. நாலாம். அது நல்லமா, கூடாதா?"

"பத்துக்குக் குறைஞ்சா நல்லந்தானாம்" என்று எங்கோ கேள்விப்பட்டதைச் சொன்னேன்.

"நல்லமெண்டா என்னத்துக்கு ஊசி மருந்து ஏத்துறாங்க? நாளைக்கு இன்னொருக்கா இரத்தம் எடுக்கப் போறாங்களாம். அந்தப் பிஞ்சு உடம்புல எவ்வளவு இரத்தம் இருக்கப் போகுது?"

என்னிடம் பதில் இல்லை. நான் படித்தது தமிழ். விஞ்ஞானத்தைச் சாதாரண தரத்தோடு கைவிட்டவன். ஆனால் ராத்தாவின் கேள்விகள் என்னை விடவில்லை. சோதனை நல்லதென்றால் மருந்து ஏன்? மருந்து தேவையென்றால் சோதனை ஏன்? ஒரு முறை பார்த்தது போதாதா? அன்றிரவு தொடங்கிய வாசிப்பு மாதக்கணக்கில் நீண்டது. விடைகள் ஏறத்தாழ தொண்ணூறு வருட வரலாற்றுக்குள் கிடந்தன. அந்த வரலாற்றைத்தான் இங்கே சுருக்கமாகச் சொல்லப் போகிறேன். வைத்தியர்கள் தேடியது, 'இந்தப் பிள்ளைக்குத் தொற்று உண்டு' என்று அடித்துச் சொல்லும் ஒரு சோதனையை. அது இன்றுவரை கிடைக்கவில்லை. தேடலின் வழியில் கிடைத்தது வேறொன்று. அதன் பெறுமதியை உணரவே அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்தது.

குரல் இல்லாத நோயாளி

பெரியவருக்குக் கிருமித்தொற்று என்றால் காய்ச்சல் அடிக்கும், குளிர் நடுங்கும், 'இங்கே நோகுது' என்று சொல்லவும் வாய் இருக்கும். பிறந்து ஒரு மாதம் ஆகாத சிசுவுக்கு இவை எதுவும் இல்லை. காய்ச்சலுக்குப் பதில் உடம்பு குளிர்ந்து போகலாம். பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது, முனகுவது, வேகமாக மூச்சு வாங்குவது, சில வேளை மூச்சே நின்று நின்று வருவது: இவைதான் அடையாளங்கள். இவை ஒவ்வொன்றும் தொற்று இல்லாத பிள்ளையிடமும் காணப்படலாம். சும்மா தூங்குகிற பிள்ளைக்கும் நஞ்சேறிய குருதியோடு கிடக்கிற பிள்ளைக்கும் முதல் சில மணித்தியாலங்களில் வித்தியாசம் கண்டுபிடிப்பது அனுபவசாலிக்கே கஷ்டம். அந்த மணித்தியாலங்களைத் தவறவிட்டாலோ, பிறகு ஓடிப் பயனில்லை.

இந்த நோயை முறையாகப் பதிவு செய்தவர்களில் முன்னோடி எத்தல் டன்ஹம் என்ற அமெரிக்கப் பெண் வைத்தியர். நியூஹேவன் நகரில், யேல் பல்கலைக்கழகத்தோடு இணைந்த வைத்தியசாலையில் சிசுக்களின் குருதியில் கிருமி வளர்ந்த சம்பவங்களைத் திரட்டி 1933 இல் கட்டுரையாக வெளியிட்டார். அவருக்குப் பின் வந்தவர்களும் அதே இடத்தில் அந்தப் பதிவை விடாமல் தொடர்ந்தார்கள். 75 வருடப் பதிவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து 2005 இல் வெளியான கட்டுரை, 1928 இல் நூற்றுக்கு 87 ஆக இருந்த இறப்பு வீதம் 2003 இல் நூற்றுக்கு 3 ஆகக் குறைந்தது என்கிறது. முதல் எண்ணைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அன்று நோய் உறுதியாவது, ஏறத்தாழ மரணம் உறுதியாவது போலத்தான்.

டன்ஹம் நம்பியிருந்த சோதனை குருதி வளர்ப்பு. குருதியை எடுத்துப் போசணைத் திரவத்தில் விட்டு, கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது. இன்றும் இறுதித் தீர்ப்பு அதனிடம்தான். ஆனால் அதில் இரண்டு குறைகள். ஒன்று, காலம். கிருமி வளர்ந்து தெரிய ஒரு நாள், இரண்டு நாள் ஆகும். மற்றது, ராத்தா கேட்ட அதே கேள்வி: எவ்வளவு இரத்தம்? ஒரு கிலோ எடையோடு பிறக்கும் குறைமாதப் பிள்ளையின் உடம்பு முழுவதும் ஓடுவது சுமார் 80 முதல் 100 மில்லிலீற்றர் குருதி. நாம் குடிக்கும் ஒரு கோப்பை பிளேன்டீயின் அளவும் வராது. அதில் ஒரு மில்லிலீற்றர் எடுப்பதே பெரிய விடயம். அரை மில்லிலீற்றரோடு நிறுத்திக்கொண்டால், கிருமிகள் ஐதாக இருக்கும்போது அவை அகப்படாமலே போகலாம் என்று 1996 இல் ஆய்வுகூடத்தில் செய்து காட்டினார்கள். ஆகவே வளர்ப்பில் ஒன்றும் வரவில்லை என்றாலும் வைத்தியரின் மனம் ஆறுவதில்லை.

ரொக்பெல்லரில் ஒரு வெண்படிவு

சீ.ஆர்.பி. சிசுக்களுக்காகத் தேடிக் கண்டுபிடித்த பொருளல்ல. அது கிடைத்தது நியூயோர்க்கின் ரொக்பெல்லர் நிறுவனத்தில், ஒஸ்வால்ட் ஏவெரியின் ஆய்வுகூடத்தில். நியூமோனியாவை உண்டாக்கும் நியூமோகொக்கஸ் கிருமிதான் அங்கே ஆராய்ச்சிப் பொருள். வில்லியம் டில்லெட், தோமஸ் பிரான்சிஸ் என்ற இரு இளம் வைத்தியர்கள் அந்தக் கிருமியின் உடலிலிருந்து பல பகுதிகளைப் பிரித்தெடுத்தார்கள். அவற்றில் ஒன்றுக்கு 'சீ' என்று எழுத்திட்டார்கள். நோயாளியின் குருதித் தெளியத்தில் அதைக் கலந்ததும் வெண்ணிறப் படிவு உண்டானது.

நோய் எதிர்ப்புப் பொருள்தான் இப்படிச் செய்கிறது என்று யாரும் நினைத்திருப்பார்கள். ஆனால் கணக்குத் தலைகீழாக இருந்தது. எதிர்ப்புப் பொருள் நோயாளி தேறும்போது கூடும். இதுவோ நோய் முற்றியிருக்கும்போது இருந்தது. நோயாளி தேறியதும் மறைந்துபோனது. 1930 இல் இருவரும் இதை வெளியிட்டார்கள். 'சீ' என்ற பகுதியோடு தாக்கம் புரியும் புரதம் என்பதால் 'சீ-ரியெக்டிவ் புரொட்டீன்' என்ற பெயர் 1941 இல் ஏவெரியின் கூடத்திலிருந்து வந்தது. 1947 இல் மெக்லின் மெக்கார்ட்டி அதைப் பளிங்காக்கிக் காட்டினார். பரம்பரைச் செய்தியைச் சுமப்பது டீ.என்.ஏ. என்று 1944 இல் நிறுவிய மூவரில் ஏவெரியும் மெக்கார்ட்டியும் அடங்குவர் என்பதை நம் உயர்தர மாணவர்கள் அறிவார்கள். டில்லெட் பின்னர் குருதிக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேசைக் கண்டார். பிரான்சிஸ் 1954 இல் போலியோத் தடுப்பூசியின் மாபெரும் களப் பரிசோதனையை வழிநடத்தினார்.

இந்தப் புரதம் எங்கிருந்து வருகிறது? ஈரலிலிருந்து. உடம்பில் எங்காவது கிருமி புகுந்தால், அல்லது காயம் பட்டால், அங்கிருந்து போகும் இரசாயனச் செய்தி ஈரலைத் தூண்டுகிறது. ஈரல் சீ.ஆர்.பி.யைச் சுரக்கத் தொடங்கச் சில மணித்தியாலங்கள் எடுக்கும்; உச்சத்துக்கு வர ஒன்றரை நாள், இரண்டு நாள் ஆகும். தூண்டுதல் நின்றதும், குருதியில் உள்ளது சுமார் 19 மணித்தியாலத்துக்கு ஒரு முறை பாதியாகிக் குறையும். தாயின் சீ.ஆர்.பி. சூல்வித்தகத்தைக் கடந்து பிள்ளைக்குப் போவதில்லை. பிள்ளையின் குருதியில் காண்பது பிள்ளையினுடையதே.

இந்தக் காலக்கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ராத்தாவின் கேள்விக்கு விடை இதற்குள்தான் இருக்கிறது. ஆனால் சிசுக்களின் வார்ட்டுக்கு இந்தப் புரதம் வந்து சேர்வதற்கு முன் வேறு மருந்துகள் வந்துவிட்டன.

பயத்தில் கொடுத்த மருந்து

சல்பா மருந்துகளும் பென்சிலினும் வந்தபின் வைத்தியர்களுக்குப் புதிய தைரியம் பிறந்தது. நோயைக் கண்டுபிடிக்கத்தானே முடியவில்லை. வருவதற்கு முன்பே மருந்தைக் கொடுத்துவிட்டால் என்ன? குறைமாதப் பிள்ளைகளுக்குத் தடுப்பாகவே மருந்து கொடுக்கும் வழக்கம் பரவியது.

நியூயோர்க்கில் வில்லியம் சில்வர்மன் என்ற குழந்தை வைத்தியர் இரண்டு முறைகளை ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு பிரிவுக்குப் பென்சிலினும் சல்பா மருந்தும். மற்றப் பிரிவுக்கு ஒக்சிடெட்ராசைக்ளின். 1956 இல் முடிவு வெளியானது. பென்சிலினும் சல்பாவும் பெற்ற பிரிவில் கூடுதலான பிள்ளைகள் இறந்திருந்தார்கள். இறந்தவர்கள் பலரின் மூளையில் மஞ்சள் படிந்திருந்தது. பிறந்த பிள்ளைக்கு மஞ்சள் வருகிறது என்கிறோமே, அந்த நிறப்பொருளைக் குருதியில் ஒரு புரதம் பிடித்து வைத்திருக்கும். சல்பா மருந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ள, தள்ளப்பட்ட நிறப்பொருள் மூளைக்குள் போயிருக்கிறது. அந்த ஒப்பீட்டைச் செய்திராவிட்டால் அந்த மருந்தை இன்னும் எத்தனை பிள்ளைகளுக்குக் கொடுத்திருப்பார்களோ.

மூன்று வருடத்தின் பின் இன்னொரு செய்தி லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்து. பிரசவத்துக்கு வெகுநேரம் முன்பே பனிக்குடம் உடைந்து பிறந்த குறைமாதப் பிள்ளைகளுக்குத் தொற்று வரும் என்ற பயத்தில் குளோரம்பெனிகோல் கொடுத்து வந்தார்கள். நான்கு பிரிவாகப் பிரித்துப் பார்த்தபோது, மருந்தே கொடுக்காத பிள்ளைகளில் இறந்தவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. குளோரம்பெனிகோல் பெற்றவர்களில் பத்துக்கு ஆறு. உடல் சாம்பல் நிறமாகி, இரத்த ஓட்டம் தளர்ந்து இறந்தார்கள். சிசுவின் முதிராத ஈரலால் அந்த மருந்தை மாற்றி வெளியேற்ற முடியவில்லை. 1959 இல் வெளியான இந்தக் கட்டுரைக்குப் பிறகு 'சாம்பல் சிசு' என்ற பெயர் மருத்துவ நூல்களில் ஏறியது.

இவர்கள் எவரும் அலட்சியக்காரர்கள் அல்லர். பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும் என்ற பதற்றத்தில்தான் கொடுத்தார்கள். 'கொடுத்து வைப்போமே, என்ன நட்டம்?' என்ற நினைப்புக்கு நட்டம் உண்டு என்பதை அந்தப் பிள்ளைகள் நமக்குக் காட்டிவிட்டுப் போனார்கள். தேவையான பிள்ளைக்கு மருந்து தாமதிக்கக் கூடாது. தேவையில்லாத பிள்ளைக்கு அது தொடரக் கூடாது. இரண்டையும் பிரித்துச் சொல்ல ஓர் அடையாளம் வேண்டும். குருதிக் குறிகாட்டிகளின் தேடல் சூடு பிடித்தது இந்தப் பின்னணியில்தான்.

எண்ணிக்கையில் ஏமாற்றம்

முதலில் கண்ணில் பட்டவை வெண்குழியங்கள். தொற்று வந்தால் உடம்பு அவசர அவசரமாக முதிராத வெண்குழியங்களைக் களத்துக்கு அனுப்பும் என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தெரிந்த விடயம். ஆனால் பிறந்த பிள்ளையில் 'சரியான அளவு' எது?

1979 இல் டல்லஸ் நகரத்தில் மன்ரோவும் கூட்டாளிகளும் இதை அளந்தார்கள். நடுநாட்டக் குழியங்கள் எனப்படும் வகை, பிறந்தவுடன் ஒரு கன மில்லிமீற்றரில் 1800 முதல் 5400 வரை இருந்தது. பன்னிரண்டு மணித்தியாலத்தில் அதே வகை 7800 முதல் 14500 வரை ஏறியது. மூன்றாம் நாளுக்குள் திரும்பவும் இறங்கியது. இத்தனையும் நோயில்லாத பிள்ளைகளில்! காலையில் ஆபத்தாகத் தெரியும் எண் மாலையில் சாதாரணமாகிவிடுகிறது. பிறந்த நேரம் தெரியாமல் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏமாறத்தான் வேண்டும். ஆகவே மொத்தத்தை விட, முதிராதவை மொத்தத்தில் எத்தனை பங்கு என்ற விகிதத்தையே வைத்தியர்கள் கூடுதலாக நம்பத் தொடங்கினார்கள்.

சீ.ஆர்.பி.யும் இதற்குள் சிசுக்களிடம் வந்திருந்தது. சுவீடனின் கோதன்பேர்க் நகரில் சாபெல், ஹன்சன் இருவரும் சிசுக்களின் குருதித் தொற்றிலும் மூளைக்காய்ச்சலிலும் அதன் பயனை 1974 இல் எழுதினார்கள்.

ஒன்று போதாதென்றால் பலவற்றைச் சேர்த்துப் பார்க்கலாமே என்று 1980 இல் அலிஸ்டெயர் பிலிப்பும் ஹியூவிட்டும் ஐந்து சோதனைகளை ஒன்றாகக் கட்டினார்கள். வெண்குழிய எண்ணிக்கை, முதிராதவற்றின் விகிதம், செங்குழியம் படியும் வேகம், சீ.ஆர்.பி., ஹப்டோகுளோபின் என்ற இன்னொரு புரதம். ஐந்தில் இரண்டு பிழைத்தால் சந்தேகம் பலமானது. இந்தியாவின் வைத்தியசாலைகளில் இன்றும் நடக்கும் சோதனைத் தொகுதியில் இதன் சாயல் இருக்கிறது.

அவர்களுடைய முடிவில் இரண்டு எண்கள் என்னை நிறுத்தின. இரண்டோ அதற்கு மேலோ பிழைத்த பிள்ளைகளில் உண்மையாகவே தொற்று இருந்தது நூற்றுக்கு 39 பேருக்குத்தான். ஆனால் அப்படிப் பிழைக்காத பிள்ளைகளில் நூற்றுக்கு 99 பேருக்குத் தொற்று இல்லை. 'உண்டு' என்று சொல்வதில் பாதிக்கு மேல் தவறும் சோதனை, 'இல்லை' என்று சொல்வதில் ஏறத்தாழத் தவறவே இல்லை. கண்டுபிடிப்பு அங்கேயே இருந்தது. ஆனால் கண்கள் இன்னும் 'உண்டு' என்ற பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

இரண்டு முறை கேட்பது

1998 இல் அமெரிக்காவில் வில்லியம் பெனிட்ஸும் சகாக்களும் கேள்வியையே திருப்பிப் போட்டார்கள். தொற்றுச் சந்தேகத்தில் அனுமதித்த பிள்ளைகளுக்குச் சீ.ஆர்.பி.யை ஒரு தடவையோடு விடாமல் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். முதல் பரிசோதனையில் மட்டும் குறைவாக இருந்தால் அதை நம்ப முடியாது. தொற்றின் முதல் மணித்தியாலங்களில் ஈரல் இன்னும் வேலை தொடங்கியிருக்காதே! ஆனால் சந்தேகம் வந்த பின் எட்டு மணித்தியாலம் கடந்ததும் தொடங்கி, 24 மணித்தியால இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகளும் லீற்றருக்கு 10 மில்லிகிராமுக்குக் குறைவென்றால், கிருமித்தொற்று இல்லை என்பது நூற்றுக்கு 99.7 உறுதி. கூடியிருந்தால் அதை வைத்துத் தொற்று என்று முடிவு கட்ட முடியாது என்பதையும் அதே கட்டுரை ஒளிக்காமல் சொன்னது. கஷ்டப் பிரசவம், மலம் கலந்த பனிநீரை மூச்சில் இழுத்தது போன்ற காரணங்களாலும் சீ.ஆர்.பி. ஏறும்.

நமது காதி நீதிமன்றங்களில் சாட்சி விசாரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது லேசு. சீ.ஆர்.பி. பொய் சொல்லாத சாட்சிதான். ஆனால் சம்பவ இடத்துக்குப் பிந்தி வருகிற சாட்சி. வந்தவுடன் 'ஒன்றும் காணவில்லை' என்றால் அது சாட்சியமாகாது. அடுத்த நாளும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். அப்போதும் அதையே சொன்னால் கவனத்தில் எடுக்கலாம்.

ராத்தாவின் முதல் கேள்விக்கு விடை இது. நாலு என்பது நல்ல எண்தான். ஆனால் அது முதல் சாட்சியம் மட்டுமே. இரண்டாவது வரும்வரை பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு காத்திருக்க முடியாது. தொற்று உண்மையென்றால் அந்த ஒரு நாள் உயிரைக் கொண்டுபோகும். அதனால் மருந்தைத் தொடங்குகிறார்கள், நிறுத்தும் நோக்கத்தோடு. இங்கிலாந்தின் 'நைஸ்' வழிகாட்டி நிறுவனம் 2012 இல் இதையே விதியாக எழுதியது. தொடக்கத்தில் ஒரு சீ.ஆர்.பி., 18 முதல் 24 மணித்தியாலத்தில் இன்னொன்று. குருதி வளர்ப்பில் ஒன்றும் வராமல், பிள்ளையும் நன்றாயிருந்து, சீ.ஆர்.பி.யும் நம்பிக்கை தந்தால், 36 மணித்தியாலத்தில் மருந்தை நிறுத்துவதை யோசிக்கலாம்.

முந்தி வரும் சாட்சிகள்

பிந்தி வருவதுதான் குறையென்றால் முந்தி வருவது எது? ஈரலுக்குச் செய்தி கொண்டுபோகும் பொருள்கள்தான். இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-8 ஆகியவை தொற்றின் ஆரம்பத்திலேயே ஏறுகின்றன. ஆனால் சில மணித்தியாலங்களிலேயே இறங்கியும் விடுகின்றன. முந்தி வந்து, கேட்பதற்குள் போய்விடும் சாட்சி. ஆகவே முந்தியதையும் பிந்தியதையும் சேர்த்தார்கள். பல நாடுகளின் வைத்தியசாலைகளில் நடந்து 2004 இல் வெளியான பரிசோதனையில், இன்டர்லூக்கின்-8 உம் சீ.ஆர்.பி.யும் பார்த்து முடிவெடுத்த பிரிவில் நூற்றுக்கு 36 பிள்ளைகளுக்கு மருந்து போனது. வழமையான பிரிவில் நூற்றுக்கு ஏறத்தாழ 50.

இன்னொரு பொருள் பரிஸ் பக்கமிருந்து வந்தது. தைரொயிட் சுரப்பி உண்டாக்கும் கல்சிடோனின் ஓமோனின் முன்வடிவம் புரோகல்சிடோனின். 1993 இல் அசிக்கோவும் பொஹுவோனும் சகாக்களும், பிறந்த சிசு முதல் 12 வயது வரையான 79 பிள்ளைகளின் குருதியில் அதை அளந்தார்கள். கடும் பக்டீரியாத் தொற்றில் அது மிக உயர்ந்திருந்தது. வைரஸ் தொற்றில் பெரிதாக உயரவில்லை. தைரொயிட் அகற்றப்பட்டவரிலும் தொற்றின்போது அது ஏறியது. அதாவது, தொற்றுக் காலத்தில் முழு உடம்புமே அதைச் சுரக்கிறது.

உற்சாகம் பெரிதாக இருந்தது. ஆனால் சிசு மறுபடியும் பாடம் படிப்பித்தது. ரோம் நகரில் கிளோடியோ கியேசா 1998 இல் காட்டியபடி, எந்த நோயும் இல்லாத பிள்ளையிலும் பிறந்து ஒரு நாளளவில் புரோகல்சிடோனின் தானாகவே உச்சத்துக்கு ஏறி, பிறகு இறங்குகிறது. எனவே இதற்கும் மணித்தியாலக் கணக்கில் எல்லைகள் வகுக்க வேண்டி வந்தது. அந்த எல்லைகளை வைத்து நெதர்லாந்து, சுவிற்சர்லாந்து, கனடா, செக் குடியரசு ஆகிய நாடுகளின் 18 வைத்தியசாலைகளில் 1710 பிள்ளைகளைக் கொண்டு ஒரு பரிசோதனை நடந்தது. 2017 இல் வெளியான அதன் முடிவுப்படி, மருந்து கொடுத்த நேரம் 65 மணித்தியாலத்திலிருந்து 55 ஆகக் குறைந்தது. மருந்தைக் குறைத்ததால் ஆபத்து கூடவில்லை என்று கணித ரீதியாக உறுதிப்படுத்த முடியவில்லை. அப்படிப்பட்ட சம்பவங்கள் அவ்வளவு அரிதாக இருந்தன என்பதே காரணம்.

இங்கேயும் பாருங்கள். சோதனையின் வெற்றி, தொற்றைக் கண்டுபிடித்ததில் அல்ல. மருந்தைப் பத்து மணித்தியாலம் முன்பே நிறுத்தியதில்.

பத்து மணித்தியாலம் ஏன் பெரிது?

ஒரு பிள்ளைக்குப் பத்து மணித்தியாலம் சிறிய விடயமாகத் தெரியலாம். ஆனால் 2009 இல் மைக்கல் கொட்டனும் சகாக்களும் அமெரிக்காவின் 19 நிலையங்களில், மிகக் குறைந்த எடையோடு பிறந்த 4039 பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். குருதி வளர்ப்பில் கிருமி வராதிருந்தும் ஐந்து நாள், அதற்கு மேல் மருந்து தொடர்ந்த பிள்ளைகளில் குடல் அழுகும் நோயும் மரணமும் கூடுதலாக இருந்தன.

நமது பிராந்தியத்தின் கணக்கு இன்னும் கவலை தருவது. டெல்லியின் மூன்று பெரிய வைத்தியசாலைகளில் 13,530 சிசுக்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2016 இல் வெளியானது. அவர்களில் நூற்றுக்கு 14 பேருக்குக் குருதித் தொற்று. அதிகமாகக் காணப்பட்ட கிருமி அசினெட்டோபெக்டர். அதில் நூற்றுக்கு 82 பல மருந்துகளுக்கும் மசியாதவை. தேவையில்லாமல் ஏற்றும் ஒவ்வொரு ஊசியும் கிருமிக்குத்தான் பயிற்சி கொடுக்கிறது. அதன் விலையைக் கொடுப்பது அடுத்த கட்டிலில் படுத்திருக்கும் பிள்ளை.

மீண்டும் பாதத்தைத் தொட்டு

இவ்வளவுக்கும் பிறகு, சீ.ஆர்.பி. ஒன்றை மட்டும் வைத்துத் தொற்றைக் கண்டுபிடிக்கலாமா? பிறந்து சில நாள் கழித்து வரும் தொற்றுக்களைப் பற்றி 22 ஆய்வுகளில் 2255 பிள்ளைகளின் விபரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, சந்தேகம் வந்த நேரத்தில் எடுத்த சீ.ஆர்.பி. தொற்றுள்ள நூறு பிள்ளைகளில் சுமார் 62 பேரைத்தான் பிடித்தது. மிச்சம் 38 பேரும் 'நல்ல' எண்ணோடு கிடந்த நோயாளிகள்.

இன்னொரு பக்கம், வட கலிபோர்னியாவில் ஒரு வைத்தியசாலைக் குழுமம் குருதிச் சோதனையே இல்லாத ஒரு கணிப்பானை உருவாக்கியது. பிள்ளை எத்தனை வாரத்தில் பிறந்தது, தாய்க்குக் காய்ச்சல் இருந்ததா, பனிக்குடம் உடைந்து எத்தனை மணித்தியாலம், தாய்க்கு மருந்து கொடுத்தார்களா, பிள்ளை பார்வைக்கு எப்படி இருக்கிறது: இவைதான் அது கேட்பவை. இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பிறப்புகளைக் கொண்டு 2017 இல் வெளியான கட்டுரையின்படி, முதல் நாளில் மருந்து பெறும் பிள்ளைகள் நூற்றுக்கு 5 இலிருந்து 2.6 ஆகக் குறைந்தார்கள். தொண்ணூறு வருடம் சோதனைக்குழாயைச் சுற்றி வந்த பாதை, திரும்பவும் பிள்ளையை உற்றுப் பார்ப்பதில் வந்து நிற்கிறது. சோதனைகள் வீண் என்பதல்ல இதன் பொருள். அவை சாட்சிகள், தீர்ப்புச் சொல்பவை அல்ல.

இதில் பெற்றோருக்கும் ஒரு பங்கு உண்டு. பிறந்த பிள்ளை பால் குடிக்க மறுத்தால், துவண்டால், உடம்பு குளிர்ந்தால் அல்லது சுட்டால், மூச்சு வேகமானால், எந்த எண்ணுக்காகவும் காத்திருக்கக் கூடாது. வெளியில் எங்காவது சோதித்துப் பார்த்து 'சீ.ஆர்.பி. நல்லமாம்' என்று வீட்டிலே வைத்துக்கொள்ளவும் கூடாது. வார்ட்டில் இரண்டாம் முறை குருதி எடுக்கும்போது 'திரும்பவும் ஏன் குத்துறாங்க' என்று கோபிக்கவும் வேண்டாம். அந்த இரண்டாவது ஊசிதான், ஏழு நாள் போகக்கூடிய மருந்தை இரண்டு நாளில் நிறுத்த வழி செய்கிறது.

ராத்தாவின் பேரப்பிள்ளைக்கு மறுநாள் வந்த எண் மூன்று. குருதி வளர்ப்பிலும் ஒன்றும் வரவில்லை. பிள்ளை பால் குடிக்கத் தொடங்கியிருந்தது. மருந்தை நிறுத்தினார்கள். பெருநாளைக்கு முதல் நாள் பின்னேரம் வீட்டுக்கு வந்தார்கள், அல்ஹம்துலில்லாஹ். பெருநாள் கழிந்து மூன்றாம் நாள் அதே மிட்வைஃப் மிஸ் வந்தா. வட்டிலப்பம் கொடுத்து உட்காரச் சொன்னார்கள். அவ முதலில் பிள்ளையின் பாதத்தைக் கையால் பிடித்துப் பார்த்தா. பிறகுதான் உட்கார்ந்தா.